விலக்கில் இரண்டாவது பிளக்ஸ்

எம்.ரெட்டியபட்டி வழி,
ஆனி 25

அன்பு மகள் யுவராணிக்கு,

உன் சித்தி அருஞ்சுனை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிற மட்டும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க இருளப்பசாமிக்குத் தினமும் ஒரு சூடம் கொளுத்துகிறேன். போனிலேயே சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார், வாட்ஸப்பில் எழுதினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் மனசு ஓடாது. நான் வேலை பார்க்கிற நூலகத்துக்கு மத்தியானம் யாரும் வருவதில்லை, ஃபேன் சத்தம் மட்டும்தான், அந்த மேசையில் உட்கார்ந்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். திருச்சுழிக்குப் போய் ரிஜிஸ்தர் தபாலில் போடுவேன், வீட்டு விலாசத்தை மாற்றியிருந்தால் உடனே சொல்.

சித்திரையில் ஒரு மழை பெய்ததோடு சரி, அதற்கப்புறம் மேகம் பந்தல்குடி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. உன் அப்பா கோடை உழவு ஓட்டிப் போட்டிருக்கிறார், இந்த வருசமும் பருத்திதான் என்கிறார். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் வேட்டியில் கறை படியும் என்று காரணம் சொல்கிறார். நீ போன மாதம் அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது, மேடைக்கு மெலிந்தால்தான் அழகு என்று அங்கே யாராவது சொன்னால் கேட்காதே. அந்த ஒட்டு இமையைக் கழற்றாமல் தூங்காதே. அவ்வளவு உயரக் குதிகாலோடு படிக்கட்டில் இறங்கி வருகிறாய், பார்க்கிற நான்தான் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். இறங்கும்போது ஓரக் கம்பியைப் பிடித்துக்கொள், கேபரே பார்க்க வருகிறவர்கள் அதற்காக டிக்கெட்டைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். உன் பெரியப்பா மகன் பாண்டீஸ்வரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஆவணி இருபத்து மூன்று. பெண் பந்தல்குடி, பெயர் சத்யபிரியா, அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பரிசம் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பாண்டீஸ்வரனுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது என்பது உனக்குத் தெரியும், அதனால் தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட உன் பெரியம்மா தன் அக்கா மகள் காளீஸ்வரியை ஏற்பாடு செய்து, அவளுக்குச் சேலையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் உன் வீடியோ ஊருக்குள் வந்தது.

எந்த வீடியோ என்று கேட்கமாட்டாய். அதைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை அதிகம் பேசியதில்லை, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். முதல் பாதியில் இறகு விசிறியை வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாய், அதில் நீ யாரோ, எனக்குப் பழக்கமில்லாத ஒருத்தி. அப்புறம் பறைச் சத்தம் கேட்கிறது, திரை விலகுகிறது, பின்னால் அந்தக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் தொங்குகிறது. நீ ஊரைவிட்டுப் போனதும், பத்தொன்பது வயசில் உயிரோடிருந்த உனக்கு, நீ செத்துப்போனதாக உன் பெரியப்பா மெயின் ரோட்டில் நம் ஊர் பிரிகிற விலக்கில் வைத்த பிளக்ஸ். பிளஸ் டூ ஹால் டிக்கெட்டில் இருந்த உன் படம், உன் பழைய பெயர், அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் ‘கண்ணீருடன் மருதுபாண்டி’, கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பி நிற்கிற அவர் படம். அதன் முன்னால் வெள்ளைத் துணியைப் போர்த்தி உட்கார்ந்துகொண்டு உன் கருமாதியை நீயே நடத்துகிறாய். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கடைசியில் எழுந்து நின்று தலையில் இருக்கிற டோப்பாவைப் பிடித்து இழுக்கிறாய், அது கையோடு வருகிறது, உள்ளே இருந்து உன் சொந்த முடி இடுப்பு வரைக்கும் இறங்குகிறது. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோகிறது. ஆறு வருசத்துக்கு முன்னால் பொங்கல் திருவிழா மேடையில், நீ ஆடல் பாடல் செட்டோடு வந்து முதன்முதலாக நம் ஊரில் பெண் வேசத்தில் ஆடிய அன்றைக்கு, கோயில் கமிட்டித் தலைவர் என்ற கோதாவில் உன் பெரியப்பா மேடையேறி அப்படித்தான் இழுத்தார். அன்றைக்கு உள்ளே இருந்தது ஒட்ட வெட்டிய தலை. ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பை நீ எடுத்துக்கொண்டுபோய் என்ன செய்திருக்கிறாய் என்று பார்த்தபோது நூலகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அருப்புக்கோட்டைச் செட்டில் மற்றவர்களுக்குச் சலங்கை கட்டிவிட்டு, மதுரையில் பழைய ஜிகினாத் துணி தைத்து, சென்னையில் அறை கிடைக்காமல் அலைந்து, பெங்களூரில் ஒரு ஓட்டல் மேடையில் பாட்டுக்கு நடுவே சும்மா பேசிச் சிரிக்கவைக்கப் பழகி, அதைப் பார்த்த ஒரு அம்மாள் அழைத்து பெர்லின் போனாய். இப்போது சுவரொட்டியில் உன் பெயர் முதலில் இருக்கிறது. இதில் எதையும் இந்த ஊர் உனக்குக் கொடுக்கவில்லை, பிளக்ஸைத் தவிர. உன் பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் வைக்கோல் படப்புக்கு மேலே மூட வேண்டும் என்று சொல்லி அதை நான்தான் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். நீ கேட்டபோது பெங்களூருக்குப் பார்சல் போட்டேன். என்ன செய்யப் போகிறாய் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வீடியோ முதலில் வீரசோழனில் யாரோ பார்த்து, அங்கிருந்து ரெட்டியபட்டி டீக்கடைக்கு வந்திருக்கிறது. உன் பெரியப்பா ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் முத்துராமலிங்கம், “என்ன சித்தப்பு, ஜெர்மனியில ஒங்களுக்குக் கட்டவுட்டு வெச்சிருக்காகளாமே, எங்கள எல்லாம் எப்பக் கூட்டிட்டுப் போவீக” என்று கேட்கிறான். சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் கைகூப்பி நிற்கிற படத்தை யாரோ பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்களாம், கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று வாரம் மனுசன் கம்மாய்க் கரை வழியாகவே நடந்தார், ரோட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, வெறும் சந்தோசம்.

சத்யபிரியாவும் பார்த்துவிட்டாள். அவள் உன்னை ஒரு வருசமாக போனில் பின்தொடர்கிறாளாம், இந்தக் குடும்பம்தான் என்று தெரியாமலேயே. பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டு, “அந்தப் படத்துல கைகூப்பி நிக்கிறது ஒங்க அப்பாதானா?” என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றிருக்கிறான். “மேடையில ஆடுறவுக ஒங்களுக்குத் தங்கச்சி முறைதான?” அதற்கும் ஆமாம். “அப்ப எனக்கு நாத்தனாரு இருக்காக. அவுகதான் முடிச்சுப் போடணும். இல்லைன்னா பரிசச் சேலையத் திருப்பி வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பாவும் அம்மாவும் எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள், பிடித்த பிடியை விடவில்லை. நானும் இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், ஆனால் அந்த வயசில் இப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வந்திருக்காது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தியொன்று, உனக்கு எட்டு. மேடையில் உன் டோப்பாவை இழுத்தபோதும் நான் கூட்டத்தில் நின்றேன். மறுநாள் காலையில் உன்னை பஸ் ஏற்றிவிட்டேனே தவிர யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது செய்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பெரியப்பாவும் பெரியம்மா சந்தனம்மாளும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆறு வருசத்தில் முதல்முறை. வாங்க என்றேன், நாற்காலி போட்டேன். உன் அப்பா அண்ணனைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், எனக்கு அப்படியே எரிந்தது. பெரியப்பா, “ஏத்தா, நடந்தது நடந்துபோச்சு. பிள்ளைய வரச்சொல்லு, நம்ம வீட்டுக் கல்யாணம்” என்றார். எந்தப் பிள்ளை மாமா என்று கேட்டேன். தாம்பாளத்தில் இருந்த பழத்தை நகர்த்தி வைத்துக்கொண்டே, “அதான்... யுவராணி” என்றார். உன் பெயர் அந்த வாயில் வந்ததை நான் கேட்டேன், நீயும் கேட்டிருக்க வேண்டும். “செத்தவுகளுக்கு வெத்தலை பாக்கு வெக்கிற வழக்கம் நம்மள்ல இல்லையே மாமா” என்றேன். “அது அன்னைக்கு ஏதோ கோவத்துல...” என்று இழுத்தார். “கோவத்துல அடிப்பாக, வைவாக. வைக்கோல்ல ஆள் கட்டி ஓடையில வெச்சுக் கொளுத்தி, ஒங்க தம்பிக்கு மொட்டை போட்டு, பதினாறாம் நாள் வரைக்கும் யாரு கோவத்த இழுத்துட்டுப் போவாக?” என்று கேட்டேன். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “பெத்தவகூட இம்புட்டு வீம்பு புடிக்க மாட்டா” என்றாள். “பெத்தவ இருந்திருந்தா நீங்க வைக்கோலைக் கொளுத்தியிருக்க மாட்டீக அக்கா, அதே ஓடையில ஒங்களத் தள்ளியிருப்பா” என்றேன். உன்னைப் பெற்ற அழகுத்தாய் அக்காவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த வார்த்தைக்கு அவள் சம்மதித்திருப்பாள்.

அன்றைக்குத் தாம்பாளத்தை நான் வாங்கவில்லை. வழி கேட்டார்கள், சொன்னேன். சனம் பார்க்கச் சாகடித்ததை சனம் பார்க்கத்தான் திருப்ப வேண்டும். அதே விலக்கில், அதே அளவில், அவர் பெயரில் ஒரு பிளக்ஸ். உயிரோடு இருக்கிறாள் என்று போட வேண்டும், தான் செய்தது தவறு என்று போட வேண்டும், அப்புறம் அழைப்புக்கு வாருங்கள் என்றேன். எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வாரம் பாண்டீஸ்வரனை மட்டும் அனுப்பினார்கள், அவன் லோடு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மேடைக்குக் கீழே நான்தானே நின்றேன் சித்தி, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றான். ஆமாம், சொல்லியிருக்கலாம் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது தடவை பெரியப்பா தனியாக வந்தார். என்ன எழுத வேண்டுமோ எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன். படம் எது என்று கேட்டார். நீ இறகு விசிறியோடு நிற்கிறாயே, அந்தப் படம். “கொஞ்சம் சேலை கட்டுன மாதிரி ஒண்ணு இல்லையா தாயி” என்று கேட்டார். இல்லை மாமா, அவள் தொழில் உடுப்பு அதுதான் என்றேன்.

பிளக்ஸ் போன வெள்ளிக்கிழமை ஏறியது. ‘எங்கள் வீட்டுப் பெண் யுவராணி நலமாக இருக்கிறார். இதே இடத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் வைத்த கண்ணீர் அஞ்சலி என் தவறு. மருதுபாண்டி.’ அவ்வளவுதான் எழுதினேன், மன்னிப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அது நீ கொடுக்க வேண்டியது, அவர் அச்சடிக்க வேண்டியது இல்லை. தூத்துக்குடி ரோட்டுக்குப் போகிற லாரிக்காரர்கள் இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் உன் விசிறியைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே போகிறார்கள், தங்கச்செல்வி என்னிடம் வந்து, “ஏக்கா, அந்த இறகு கோழியா மயிலா?” என்று கேட்டாள். நானும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் போய் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை மறைவில் உன் பெரியப்பா நின்று அவர் பெயரை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப வயசாகிப்போன மாதிரி இருந்தார். எனக்கு இரக்கம் வந்தது. பஸ் வரும்வரைக்கும் இருந்தது, ஏறி உட்கார்ந்ததும் போய்விட்டது. அவர் அதை உனக்காக வைக்கவில்லை, மகனுக்காக வைத்தார் என்பது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபோது தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்டார். உன் நிகழ்ச்சியிலிருந்து பழைய பிளக்ஸை எடுத்துவிடச் சொல்லுமாறு. அது அவள் தொழில், நான் அதில் வாய் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். என்றைக்காவது அந்த ஆட்டம் உனக்கே அலுத்துப்போனால் அன்றைக்கு எடுத்துவிடு, வேறு ஆடு. அவர் கேட்டார் என்பதற்காக ஒரு ஆணியைக்கூடப் பிடுங்காதே. அதே சமயம் அவரை நினைத்துக்கொண்டே வயசு முழுக்க ஆடாதே. அவ்வளவு பெரிய ஆள் இல்லை அவர்.

பிளக்ஸ் ஏறிய மறுநாள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். அழைப்பிதழில் நாத்தனார் என்று உன் பெயர் அச்சாகியிருக்கிறது, இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது நான் உன்னிடம் கேட்கப் போவது இதுதான். நீ வா. ஆவணி இருபத்து மூன்று காலையில் மணவறைக்குப் பின்னால் வந்து நில். பாண்டீஸ்வரன் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நீ போடு. அதன் பிறகு பந்தியில் இலை போடுவார்கள், பெரியப்பா உன்னை முதல் பந்தியில் முதல் இலையில் உட்காரச் சொல்லித் தானே வந்து கூப்பிடுவார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீ உட்காரக் கூடாது. நம் பக்கத்தில் ஒரு வீட்டு விசேசத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சண்டை போட்டால்கூடச் சமாதானம் உண்டு, இதற்குக் கிடையாது. உன் பதினாறாம் நாளன்று முந்நூறு இலை விழுந்தது. வடை பாயசத்தோடு. ரசம் வாளி என் கையில்தான் இருந்தது. எந்த இலையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் அப்பளம் இன்னொன்று கேட்டார்கள், யார் பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், எனக்கு இன்றைக்கும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. அதே முந்நூறு பேரும் அன்றைக்கு மண்டபத்தில் இருப்பார்கள். அவர்கள் பார்க்க நீயும் நானும் கைகூட நனைக்காமல் வாசலைத் தாண்டி நடந்துபோக வேண்டும். பந்தல்குடியில் புரோட்டாக் கடை இருக்கிறது, அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சத்யபிரியாவின் கல்யாண நாளைக் கெடுக்கிறேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் அருப்புக்கோட்டை போய் ஆஸ்பத்திரி கேண்டீனில் அவளைப் பார்த்து இதை நேராகவே சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். “அங்க சாப்பிடாமப் போங்க அத்த, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். மூணாம் நாள் மறுவீட்டுக்கு எங்க வீட்டுக்கு வந்து நீங்க ரெண்டு பேரும் கறிச்சோறு சாப்பிடணும், அதுக்கு வரலைன்னாத்தான் கோவிப்பேன்” என்றாள். உன் கருமாதிக்கு இலை போட்ட வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் இப்படிச் சொல்கிறாள், நீயே நினைத்துக்கொள்.

நான் படித்ததில் பழிவாங்கினவர்கள் யாரும் கடைசியில் நிம்மதியாக இருந்ததில்லை. மன்னிப்பவர்களே பெரியவர்கள் என்றுதான் எல்லாப் புத்தகமும் முடிகிறது. நானும் அதை நம்பித்தான் ஆறு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நிம்மதி அப்போதும் வரவில்லை. அதனால் இதைச் செய்து பார்க்கிறேன். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் சொல், உட்கார்ந்து சாப்பிடு, நான் உன்மேல் வருத்தப்படமாட்டேன். ஆனால் எனக்கு அந்த இலை வேண்டாம்.

உன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவரை நான் இன்னும் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். மாதாமாதம் முடிவெட்டக் கிளம்பும்போது, இன்றைக்கு யாருக்கு மொட்டை என்று கேட்கிறேன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டு வருகிறார். பிளக்ஸ் வைத்ததிலிருந்து நாலு தடவை ‘பிள்ளை வருதா’ என்று கேட்டுவிட்டார், வந்தால் பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அண்ணன் ஒரு பக்கம் இலைக்கு முன்னால் நின்று கூப்பிடுவார், நாம் இரண்டு பேரும் வாசலுக்குப் போய்க்கொண்டிருப்போம். அவர் உட்காருவாரா, எழுந்து வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக வாசலில் நின்று பார்க்கமாட்டேன், நீயும் திரும்பிப் பார்க்காதே. வருகிறவர் செருப்புச் சத்தம் நமக்குக் கேட்கும்.

லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, விமான டிக்கெட்டைக் கடைசி நாள்வரை இழுக்காதே. பட்டுச் சேலையோ உன் இறகோ உனக்கு எது இஷ்டமோ அதைக் கட்டிக்கொண்டு வா. முடிச்சை நன்றாக இறுக்கிப் போடு, அது சத்யபிரியாவுக்கு. எழுந்து வருவது எனக்கு.

நூறு மேடை ஏறி நூறு வயசு இரு, சாமி எப்போதும் உன் கூடவே நிற்கும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, கிடைத்தது என்று மட்டும் போனில் சொல், வேறு எதுவும் பேசாதே.

உன் சித்தி,
ச. அருஞ்சுனை